ஸ்காட்லாந்துச் சுற்றுப்பயணத்தில் ஒரே ஒரு கோட்டைக்கு முழு நாள் கொடுப்பதென்றால் எதற்கு?

தென்றல்வழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூனில் எடின்பரோவில் வாடகை கார் எடுத்து, வடமேற்கே ஸ்கை தீவு வரை போய், இன்வர்னஸ் வழியாகத் திரும்புவதாக இருக்கிறோம். எழுபது வயதைத் தாண்டிய அப்பா, அம்மா, பத்து வயது மகள், நான்.

வழியெங்கும் கோட்டைகள். இணையத்தில் கிடைக்கும் பயணத் திட்டங்களைப் பார்த்தால் ஒரே நாளில் மூன்று கோட்டைகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். வாசலில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு உடனே வண்டி ஏறுவதற்கு அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு கோட்டையை நன்றாகப் பார்த்தால் போதும் என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

எடின்பரோ, ஸ்டர்லிங், ஐலன் டோனன், அர்க்கட் ஆகிய நான்கில் எதற்கு முழு நாள் கொடுப்பீர்கள்? காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

---

கல்லும்காலமும் எழுதியது:

ஸ்டர்லிங். யோசிக்கவே வேண்டாம்.

நான் ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில் வசிக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அழைத்துப்போவது அங்கேதான். எடின்பரோ கோட்டை பெரியது, புகழ்பெற்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் அங்கே மகுடத்தைப் பார்க்க வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். ஸ்காட்லாந்து மன்னர்களின் முடிசூட்டுக் கல்லும் இப்போது அங்கே இல்லை. 2024 மார்ச்சில் அதைப் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு நாடு ஏன் ஒரு பாறைக்காகத் திரும்பத் திரும்பச் சண்டையிட்டது என்பதை ஸ்டர்லிங்கில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மதிலருகே நின்று சுற்றிலும் பாருங்கள். கீழே ஃபோர்த் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. மேற்கே ஒரு காலத்தில் ஆள் புதையும் சதுப்பு நிலம். வடகிழக்கே ஓக்கில் குன்றுகள். தெற்கிலிருந்து வடக்கே போகும் படைகள் பெரும்பாலும் இந்தப் பாறையின் காலடியில்தான் ஆற்றைக் கடந்தன. 1936இல் கின்கார்டின் பாலம் திறக்கப்படும்வரை கடலை நோக்கிப் போகும் திசையில் சாலைப் போக்குவரத்துக்கான கடைசிப் பாலம் ஸ்டர்லிங்கில்தான் இருந்தது.

1297 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்துத் தளபதிகளான வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மரேயும் ஆங்கிலேயப் படையின் ஒரு பகுதியைப் பாலம் தாண்டவிட்டு, பிறகு பாய்ந்து அறுத்தெறிந்தது இந்த மதிலிலிருந்து தெரியும் இடத்தில்தான். அது குறுகிய மரப்பாலம். இப்போது அங்கே நிற்கும் பழைய கல்பாலம் பின்னாளில் கட்டியது. எதிரே ஆபி கிரெய்க் குன்றின் மேல் 1869இல் முடிந்த வாலஸ் நினைவுக் கோபுரம் தெரியும். தெற்கே திரும்பினால் பானக்பர்ன். அங்கே 1314 ஜூன் 23, 24 தேதிகளில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டை முறியடித்தார்.

அந்தப் போருக்கே காரணம் இந்தக் கோட்டைதான். இதை ஆங்கிலேயர் சார்பாக வைத்திருந்த ஃபிலிப் மௌபிரே, நடுக்கோடைக்குள் உதவிப் படை வராவிட்டால் கோட்டையைக் கொடுத்துவிடுவதாக ஒப்பந்தம் செய்திருந்தார். உதவிக்கு வந்த எட்வர்ட் தோற்று ஓடி இதே கோட்டை வாசலுக்கு வந்தபோது, மௌபிரே அவரை உள்ளே விடவில்லை. உள்ளே வந்தால் கோட்டையோடு சேர்ந்து மன்னரும் பிடிபடுவார் என்ற கணக்கு. எட்வர்ட் டன்பார் வரை குதிரையில் தப்பி ஓடினார். வென்ற புரூஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கோட்டையைக் காப்பாற்றாமல் அதன் மதில்களை இடித்தது. மறுபடியும் எதிரி கையில் சிக்கினால் அதை மீட்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் அப்பா இந்த ஒரு மதிலருகே அரை நாள் நிற்பார். நாற்காலி வேண்டுமானால் எடுத்துப்போங்கள்.

---

இடிபாட்டுநேசன் எழுதியது:

கல்லும்காலமும் அவர்கள் சொல்லும் நிலக்காட்சியை நான் மறுக்கவில்லை. வெளியே நின்று பார்க்கும்வரை ஸ்டர்லிங் அருமை. உள்ளே போனதும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

பெருமண்டபம் முழுவதும் பளிச்சென்ற வெளிர்மஞ்சள் பூச்சு. மைல் கணக்கில் தள்ளி நின்றாலும் கண்ணில் அடிக்கிறது. அரண்மனைக்குள் புதுச் சாயம் தீட்டிய சுவர்கள், புதிதாகச் செதுக்கிய கூரைப் பதக்கங்கள், புதிதாக நெய்த திரைச்சீலைகள். எல்லாம் நேற்று முடிந்த வேலை மாதிரி இருக்கிறது. நானூறு, ஐந்நூறு ஆண்டு கடந்த ஒரு கட்டடத்தில் அந்தக் காலம் விழுந்த தடம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால், எடின்பரோவிலிருந்து ஸ்டர்லிங் போகும் வழியிலேயே இருக்கும் லின்லித்கோ அரண்மனைக்குப் போங்கள். ஸ்காட்லாந்தின் மேரி அரசி பிறந்த இடம். 1746இல் கம்பர்லாந்து கோமகனின் தலைமையில் வந்த அரசுப் படை தங்கிவிட்டுப் புறப்பட்டபோது தீப்பிடித்து எரிந்தது. அன்றிலிருந்து கூரையில்லை. ஏரிக்கரையில் நான்கு பக்கமும் வெற்றுச் சுவர்கள், நடு முற்றத்தில் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் வைத்த நீரூற்று. சன்னல் துளைகள் வழியே மேகம் போவதைப் பார்க்கலாம். இல்லையென்றால் லோக் நெஸ் ஏரிக்கரையில் அர்க்கட். 1692இல் காவற்படை வெளியேறும்போது எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். உடைந்து விழுந்த சுவர்த்துண்டு இன்றும் அப்படியே கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் உண்மை, மஞ்சள் பூசிய மண்டபத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

---

கல்லும்காலமும் எழுதியது:

இடிபாட்டுநேசன் அவர்களே, இந்தக் கருத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். மரியாதையோடு கடுமையாக மறுக்கிறேன்.

1503இல் மன்னர் நான்காம் ஜேம்ஸ் இந்த மண்டபத்தைக் கட்டி முடித்தபோது அது சாம்பல் நிறக் கல்லாக நிற்கவில்லை. சுண்ணாம்புப் பூச்சோடுதான் நின்றது. தொலைவிலிருந்து வருகிறவன் கண்ணில் அடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆட்சியின் தலைநகரம் எங்கே என்று அறிவிக்கும் விளக்கு அது. உங்களுக்கு உறுத்தும் அந்தப் பளிச்சென்ற தன்மைதான் கட்டியவரின் நோக்கம். மழையும் காற்றும் ஓயாத இந்த ஊரில் மணற்கல்லைக் காப்பதும் அந்தப் பூச்சுதான். சுண்ணாம்பு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

சாம்பல் நிறக் கோட்டை என்று நாம் நெஞ்சில் வைத்திருக்கும் படம், பராமரிப்பில்லாமல் பூச்சு உதிர்ந்துபோன கோட்டையின் படம். அதை மூலம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பெருமண்டபத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராணுவம் அதைப் படைவீரர் குடியிருப்பாக மாற்றியது. உயரமான கூரையைப் பிரித்தார்கள், குறுக்கே தளங்கள் போட்டார்கள், தடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள், புதுச் சன்னல்கள் வெட்டினார்கள். 1964இல்தான் இராணுவம் வெளியேறியது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வும் வேலையும் நடந்து, 1999இல் மண்டபம் திறக்கப்பட்டது. இன்று நீங்கள் தலை நிமிர்ந்து பார்க்கும் ஓக் மரக் கூரையில் நடுத்தூண் ஒன்றுகூட இல்லை. பக்கச் சுவர்களிலிருந்து நீளும் மரக்கைகளே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. ஐந்து கணப்படுப்புகள். ஸ்காட்லாந்தின் இடைக்கால விருந்து மண்டபங்களில் இதுவே பெரியது. அதைப் பாசறையாகவே விட்டிருந்தால் அது உண்மை ஆகியிருக்குமா? அதுவும் ஒரு காலத்தின் தடம்தான், ஆனால் ஜேம்ஸின் மண்டபம் எங்கே போயிருக்கும்?

திரைச்சீலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை அச்சடித்த துணி இல்லை. ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைக் காட்டும் ஏழு சித்திரத் திரைகள். மூலம் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளாய்ஸ்டர்ஸ் பிரிவில் இருக்கிறது. ஐந்தாம் ஜேம்ஸின் 1539ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கதை சொல்லும் திரைகள் குறிக்கப்பட்டிருப்பதால் இந்தக் கதையைத் தேர்ந்தார்கள். வெஸ்ட் டீன் நெசவாளர்கள் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கையால் நெய்தார்கள். அதில் ஒரு பகுதி வேலை இந்தக் கோட்டை வளாகத்திலேயே தறி போட்டு நடந்தது. கைத்தொழில் உயிரோடு இருந்தால்தான் இப்படி ஒன்று முடியும். அந்த நெசவாளர்களின் உழைப்பைப் ‘புதுசு’ என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வராது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்வேன். அரண்மனையின் வெளிச்சுவரைப் பாருங்கள். அங்கே எதையும் புதுப்பிக்கவில்லை. ஐந்தாம் ஜேம்ஸின் சிலை, கிரகங்களின் கடவுளர், ஒரு சாத்தான் எல்லாம் அரிக்கப்பட்டு மூக்கு மழுங்கி நிற்கின்றன. நீங்கள் தேடும் காலத்தின் தடம் அங்கே நிறையவே இருக்கிறது.

---

மலைவழிமங்கை எழுதியது:

இந்த விவாதத்தில் ஐலன் டோனனை யாரும் தொடவில்லையே. நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் முதலில் வரும் கோட்டை அதுதான். நீங்கள் ஸ்கை போகும் ஏ87 சாலையில் டோர்னி ஊரருகே மூன்று கடற்கழிகள் சேரும் இடத்தில் சிறு தீவின் மேல் நிற்கிறது. கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள்.

ஆனால் இடிபாட்டுநேசன் அவர்கள் கேட்கும் ‘காலம் கடந்த உண்மை’ அங்கே கிடைப்பதாகத் தோன்றினால், அது தோற்றம்தான். 1719 மே மாதம், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குலத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த ஜாக்கோபைட் கிளர்ச்சியின்போது ஸ்பானிய வீரர்கள் காவலிருந்த அந்தக் கோட்டையை மூன்று அரச கடற்படைக் கப்பல்கள் பீரங்கியால் அடித்தன. கைப்பற்றிய பிறகு அங்கிருந்த வெடிமருந்தைக் கொண்டே தகர்த்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கற்குவியலாகக் கிடந்தது. மக்ரே குலத்தைச் சேர்ந்த ஜான் மக்ரே கில்ஸ்ட்ராப் 1911இல் அந்தத் தீவை வாங்கிக் கட்டத் தொடங்கி, 1932இல் முடித்தார். எல்லோரும் படம் எடுக்கும் அந்த அழகான கல்பாலமும் அப்போது கட்டியதுதான்.

ஆக, பழையதாகத் தெரியும் ஐலன் டோனன் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம். புதியதாகத் தெரியும் ஸ்டர்லிங் மண்டபத்தின் சுவர்கள் 1503ஐச் சேர்ந்தவை. தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இந்த நாட்டில் யாரும் ஏமாறலாம்.

இதனால் எனக்கு ஐலன் டோனன் மேல் மதிப்புக் குறையவில்லை. தங்கள் முன்னோரின் வீட்டை இருநூறு ஆண்டு கழித்துக் கல் கல்லாக எழுப்பிய ஒரு குலத்தின் பிடிவாதம் அது. அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்பது என் எண்ணம். முழு நாள் கேட்காது.

---

இடிபாட்டுநேசன் எழுதியது:

என் கருத்தில் நான் நிற்கிறேன். சுவர் 1503 என்றாலும் கூரை 1999. இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க வைத்து, எது எது என்று பிரித்துச் சொல்லாமல் விட்டால் பார்ப்பவன் குழம்பத்தான் செய்வான். லின்லித்கோவில் அந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் அரண்மனையின் வெளிச் சிற்பங்களை நான் அவசரமாகக் கடந்தேன் என்று தோன்றுகிறது. அடுத்த முறை அவற்றின் முன் நிற்பேன். ஒரு காலத்தில் அரண்மனைக் கூரையில் பதித்திருந்த, ‘ஸ்டர்லிங் தலைகள்’ என்று சொல்லும் மூல ஓக் மரப் பதக்கங்கள் மாடியில் தனிக் காட்சியகத்தில் இருக்கின்றன. சாயமெல்லாம் போய்க் கருத்த மரத்தில் அரசர்கள், அரசிகள், ரோமப் பேரரசர்கள், ஒரு கோமாளி என்று ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். 1777இல் ஒன்று கழன்று ஒரு படைவீரர் மேல் விழுந்ததால் மொத்தத்தையும் கழற்றிவிட்டார்கள். பல கைமாறிப் பல வீடுகளில் கிடந்து மீண்டும் வந்து சேர்ந்தவை. கீழே வண்ணம் தீட்டிய நகல்களைப் பார்த்துவிட்டு மேலே போகாமல் திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தென்றல்வழி, அப்படிச் செய்துவிடாதீர்கள்.

---

ஈப்போக்காரி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கோட்டைக்கும் எங்கள் பேராக் மாநிலத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதை இங்கே யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

கோட்டைக்குள் ‘அரசரின் பழைய மாளிகை’ என்னும் கட்டடத்தில் ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் நுழைவாயிலோடு திரும்பிவிடுகிறார்கள். இந்தப் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம் 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது, 12ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடின் கீழ்ப் பஞ்சாப், ஹைதராபாத் பட்டாளங்களோடு தோளோடு தோள் நின்று போரிட்டது. வடக்கிலிருந்து பின்வாங்கிக்கொண்டே வந்தார்கள். 1942 ஜனவரி 7 அதிகாலையில் எங்கள் பேராக்கின் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே உடைத்துக்கொண்டு வந்தன. ஒரே காலையில் பட்டாளம் சிதறியது. எங்கள் பக்கத்துத் தோட்டக்காட்டு முதியவர்கள் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்.

மிஞ்சியவர்கள் 1942 ஜனவரி 31 அன்று ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போனார்கள். கடைசியாகக் கடந்தவர்கள் அவர்கள்தான். பைக்குழல் வாசித்துக்கொண்டு நடந்து போனார்கள். அதன் பிறகு பாலத்தைத் தகர்த்தார்கள். இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது.

சிறைப்பட்டவர்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே பாதைக்குத்தான் எங்கள் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிப்போனார்கள். அவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். ஸ்காட்லாந்து வீரனுக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு, படைப்பிரிவு உண்டு, பாறை மேல் ஓர் அருங்காட்சியகம் உண்டு. பக்கத்தில் மண்வெட்டி பிடித்த தோட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. அந்த அருங்காட்சியகத்தில் மலாயாப் பகுதியின் முன் நான் நெடுநேரம் நின்றேன். இருவரையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். தென்றல்வழி, உங்கள் அப்பாவை அங்கே அழைத்துப்போங்கள்.

---

கல்லும்காலமும் எழுதியது:

ஈப்போக்காரி அவர்களுக்கு நன்றி. அந்த அருங்காட்சியகத்தைப் பலமுறை பார்த்தவன் நான். தோட்டத் தொழிலாளரை அங்கே வைத்து நினைத்துப் பார்க்க நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தப் படைப்பிரிவின் பெருமைப் பட்டியலில் 1857 லக்னோவும் இருக்கிறது. நவம்பர் 16 அன்று சிக்கந்தர் பாக் தோட்டத்துக்குள் புகுந்து தாக்கியவர்களில் பின்னாளில் இந்தப் படைப்பிரிவின் பகுதியாகிவிட்ட 93ஆவது ஹைலாண்டர்ஸ் முன்னணியில் இருந்தார்கள். விக்டோரியா பதக்கங்கள் குவிந்த நாள் அது. மதிலுக்குள் சிக்கிய இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அன்று கொல்லப்பட்டார்கள். பதக்கப் பெட்டியின் முன் நிற்கும் இந்தியர் ஒருவர் இந்த இரண்டாவது எண்ணிக்கையையும் மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரலாற்று ஆசிரியரான உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

---

தென்றல்வழி எழுதியது:

அப்பாவிடம் எல்லாப் பதில்களையும் வாசித்துக் காட்டினேன். சிக்கந்தர் பாக் பற்றி வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறாராம். ஸ்டர்லிங் என்று முடிவாகிவிட்டது.

இனி நடைமுறைக் கேள்விகள். அம்மாவால் செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது. மகளுக்கு அங்கே என்ன பிடிக்கும்? லின்லித்கோவையும் அதே நாளில் சேர்க்க முடியுமா?

---

முழங்கால்மூத்தவள் எழுதியது:

முழங்கால் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு, அதனால் நான் சொல்கிறேன்.

ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து கோட்டை வரை ஊரே ஓர் ஏற்றம். அம்மாவுக்கு அது வேண்டாம். காரில் நேராகக் கோட்டை முன்திடல் வரை போகலாம். அங்கே கட்டண வாகன நிறுத்தம் உண்டு. ஆனால் இடம் குறைவு, கோடையில் முற்பகலிலேயே நிரம்பிவிடும். காலை ஒன்பதரைக்குக் கதவு திறக்கும்போது அங்கே இருங்கள். இடமில்லை என்றால் அம்மாவை முன்திடலில் இறக்கிவிட்டுக் கீழே ஊருக்குள் வண்டியை விட்டு வரலாம். டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்தால் விலை குறைவு. ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு நிர்வகிக்கும் இடங்கள் பலவற்றுக்குப் போவதாக இருந்தால் பல இடங்களுக்கும் ஒரே சீட்டான அவர்களுடைய எக்ஸ்ப்ளோரர் பாஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டர்லிங், எடின்பரோ, அர்க்கட், லின்லித்கோ எல்லாம் அதில் அடங்கும். ஐலன் டோனன் அடங்காது, அது தனி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது.

உள்ளே உருளைக்கல் பாவிய தரை. நனைந்தால் வழுக்கும். கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி, கைத்தடி இரண்டும் கட்டாயம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு உண்டு என்று போகுமுன் கோட்டைக்கு எழுதிக் கேளுங்கள், பதில் சொல்வார்கள். அரண்மனை அறைகள் ஒரே மட்டத்தில் இருப்பதால் அம்மா அங்கே நிதானமாக இருக்கலாம். அக்கால உடையணிந்த பணியாளர்கள் அறைகளில் நின்று பேசுவார்கள். அவர்களிடம் கேள்வி கேளுங்கள். நன்றாகத் தெரிந்தவர்கள், வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டார்கள்.

ஜூன் என்று நம்பி மெல்லிய உடையோடு போகாதீர்கள். அந்தப் பாறை மேல் காற்று எந்த மாதத்தையும் மதிக்காது. அம்மாவுக்குக் காதை மூடும் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

மலைவழிமங்கை எழுதியது:

மகளுக்கு: அரண்மனையின் கீழ்நிலவறைகளில் குழந்தைகளுக்கென்றே தனி ஏற்பாடு. அக்கால உடையை அணிந்து பார்க்கலாம், இசைக்கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். பெருஞ்சமையலறையில் ஆளுயரப் பொம்மைகளை வைத்து அரச விருந்துச் சமையலைக் காட்டியிருக்கிறார்கள்.

கதைகளையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1507இல் ஜான் டேமியன் என்னும் இரசவாதி இறகுகளால் செய்த சிறகுகளைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் பறப்பேன் என்று இந்த மதிலிலிருந்து குதித்தாராம். விழுந்தது குப்பைமேட்டில், உடைந்தது தொடை எலும்பு. கோழி இறகைக் கலந்துவிட்டார்கள், கோழிக்கு மண்ணைத்தானே பிடிக்கும் என்று காரணம் சொன்னதாகக் கதை. 1594இல் ஆறாம் ஜேம்ஸ் தன் மகன் ஹென்றியின் ஞானஸ்நானத்துக்காக அரச தேவாலயத்தைப் புதிதாகக் கட்டினார். அன்றைய விருந்தில் மீன் வகைகளைப் பரிமாற, பீரங்கி வெடிக்கும் ஒரு மரக்கப்பலையே பெருமண்டபத்துக்குள் இழுத்து வந்தார்கள். பத்து வயதுக்காரிக்கு அந்த மண்டபத்தில் நின்று இந்தக் கப்பலைக் கற்பனை செய்வது போதும், கைப்பேசியைத் தேட மாட்டாள்.

அரசி அறையின் மரப்பலகைக்குப் பின்னாலிருந்து கிடைத்த, 1540களைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பழைய கால்பந்து ஒன்று கீழே ஊரிலுள்ள ஸ்டர்லிங் ஸ்மித் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எஞ்சியிருக்கும் கால்பந்துகளில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள். விளையாட்டுப் பிரியை என்றால் அதையும் காட்டுங்கள்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியது அறைகளின் வரிசை. அரசருக்கு மூன்று, அரசிக்கு மூன்று. வெளிக்கூடம், உட்கூடம், படுக்கையறை. நல்ல உடையில் வந்த பிரபு எவரும் வெளிக்கூடம் வரை போகலாம். உட்கூடத்துக்கு அழைப்பு வேண்டும். படுக்கையறை வரை போகிறவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். ஒருவரின் செல்வாக்கு எத்தனை கதவுகளைத் தாண்ட முடிகிறது என்பதில் தெரிந்துவிடும். ஐந்தாம் ஜேம்ஸ் தன் பிரெஞ்சு மனைவி மேரி டி கீஸுக்காக 1538 அளவில் தொடங்கிய மாளிகை இது. 1542 டிசம்பரில் அவர் இறந்துபோனார், வாழக் கொடுத்துவைக்கவில்லை. 2011இல் மீண்டும் திறந்த இந்த அறைகளில் அந்தக் கைம்பெண் அரசியும் அவருடைய கைக்குழந்தையான மேரியும்தான் நிறைந்திருக்கிறார்கள்.

---

இடிபாட்டுநேசன் எழுதியது:

லின்லித்கோவை அதே நாளில் சேர்க்காதீர்கள். இதை லின்லித்கோவை நேசிக்கிறவனாகவே சொல்கிறேன். ஸ்டர்லிங்குக்கு முழு நாள் கொடுங்கள். எடின்பரோவில் தங்கும் நாட்களில் ஒன்றில் அரை நாள் ரயிலில் லின்லித்கோ போய் வாருங்கள், நிலையத்திலிருந்து நடை தூரம்தான். கல் உதிர்வதைச் சோதிக்கும் வேலைக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடுகிறார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு இன்னொரு யோசனை. மேரி அரசியின் குழந்தைப் பருவத்தையே பயண வழியாக வைத்துக்கொள்ளலாம். 1542 டிசம்பர் 8 அன்று லின்லித்கோவில் பிறந்தார். ஆறாம் நாளில் தந்தை இறந்ததால் தொட்டிலிலேயே அரசி ஆனார். 1543 செப்டம்பர் 9 அன்று ஸ்டர்லிங் கோட்டையின் அன்றைய தேவாலயத்தில் ஒன்பது மாதக் குழந்தையாக முடிசூட்டப்பட்டார். 1547இல் பிங்கி போரில் ஸ்காட்லாந்து தோற்றபோது, குழந்தையைப் பிடித்துத் தன் இளவரசனுக்கு மணமுடிக்க இங்கிலாந்து துடித்தது. ஸ்டர்லிங்கிலிருந்து மேற்கே மென்டீத் ஏரியின் நடுத்தீவில் இருக்கும் இஞ்ச்மகோம் மடத்தில் சில வாரங்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். 1548இல் டம்பார்ட்டனிலிருந்து கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார். கோட்டையிலிருந்து இறங்கும் வழியிலேயே ஹோலி ரூட் தேவாலயம். 1567இல் மேரியை முடி துறக்க வைத்துவிட்டு, பதின்மூன்று மாதக் குழந்தையான அவருடைய மகன் ஆறாம் ஜேம்ஸுக்கு அங்கே முடிசூட்டினார்கள். சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஜான் நாக்ஸ் பிரசங்கம் செய்தார்.

ஸ்டர்லிங்கிலிருந்து வடமேற்கே புறப்படும் நாளில் இஞ்ச்மகோமைச் சேர்த்துக்கொள்ளலாம், பெரிய சுற்று ஆகாது. அங்கே கூரையில்லாத மடமும் பழைய மரங்களும்தான். சாயம் பூசிய எதுவும் இல்லை, அதனால் நான் பரிந்துரைக்கிறேன் என்று கல்லும்காலமும் சொல்வார். சொல்லட்டும். தீவுக்குச் சிறு படகில்தான் போக வேண்டும், அம்மாவைக் கைபிடித்து ஏற்றிவிட வேண்டியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் படகு ஓடும், காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். போகும் அன்று காலையிலேயே படகு ஓடுகிறதா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.